மாமா மடியில் உட்கார மாட்டேன் என்கிறான்: காதுகுத்துக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 9 மாதம். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்கிறான். தூக்க வந்தால் வீறிட்டு அழுகிறான். தாடி வைத்த ஆண்கள் என்றால் இன்னும் மோசம். அடுத்த மாதம் குலதெய்வம் கோவிலில் முடி இறக்கிக் காது குத்துகிறோம். துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன் எட்டு நாள் முன்னதாக வருகிறார். அவரை வீடியோ காலில் மட்டுமே பார்த்திருக்கிறான். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். "பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான். நாலு பேர் கையில கொடு, தானா பழகிடுவான்" என்கிறார் மாமியார். எங்களோடு நன்றாக விளையாடுகிறான். நிலாவைக் கைநீட்டிக் காட்டி என்னையும் பார்க்கச் சொல்கிறான். இவனை எப்படிப் பழக்குவது?
வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டு நாள் போதும். ஆனால் அந்த எட்டில் முதல் நாள், அதிலும் முதல் பத்து நிமிடம், கெட்டுவிடக் கூடாது. கெட்டால் மீதி நாட்கள் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். அதனால் உங்கள் அண்ணன் விமானம் ஏறுமுன் இந்தப் பதிலை அவரும் படித்துவிடுவது நல்லது. இதில் பாதி வேலை அவருடையது.

முதலில் உங்கள் மனதில் இருக்கும் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். ஆறு, எட்டு மாதத்தில் குழந்தைக்குத் தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற வித்தியாசம் உறைக்கத் தொடங்கும். அப்போது தொடங்கும் இந்தப் பயம் ஒரு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். சில குழந்தைகளுக்கு இரண்டு வயதைத் தாண்டியும் நீளும். அது பெரும்பாலும் பிறவிக் குணம். தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர், புதியது எதுவானாலும் முதலில் ஒதுங்கி நின்று, பிறகு தங்கள் வேகத்தில் பழகுகிற குழந்தைகள். உங்கள் மகனும் அந்த வகையாக இருக்கலாம். பொத்தி வளர்த்ததால் வந்தது என்று யாரும் உங்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

நாலு பேர் கையில் கொடுத்தால் பழகிவிடுவான் என்ற யோசனை ஏன் வேலை செய்வதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் மாமியாருக்கும் சேர்த்து. பயந்த குழந்தையைப் பிடுங்கித் தூக்கும்போது அது அழுகிறது, தூக்கியவர் பதறித் திருப்பிக் கொடுக்கிறார். இதிலிருந்து குழந்தை இரண்டு பாடம் படிக்கிறது: புதியவர் வந்தால் என்னைப் பிடித்துவிடுவார், அலறினால்தான் விடுவார். அடுத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை தொடங்கிவிடும். நாலு பேர் கையில் கொடுத்தால் இந்தப் பாடம் நாலு தடவை நடக்கிறது, அவ்வளவுதான்.

மெகன் கன்னர் என்ற ஆய்வாளர் 1978-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஜால்ரா தட்டும் குரங்குப் பொம்மை ஒன்று. ஒரு வயதுக் குழந்தைகள் முன் அது தானாகத் தட்டத் தொடங்கியபோது மிரண்டார்கள். குழந்தையே தட்டினால்தான் பொம்மை ஆடும் என்று மாற்றியதும், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், பயம் வெகுவாகக் குறைந்தது. சிரித்து விளையாடினார்கள். பொம்மை அதேதான், சத்தமும் அதேதான். எப்போது, எவ்வளவு என்ற முடிவு மட்டும் குழந்தை கைக்குப் போயிருந்தது. மாமாவையும் அப்படித்தான் அறிமுகப்படுத்த வேண்டும். அவர் எவ்வளவு கிட்டே வரலாம் என்பதை உங்கள் மகன் முடிவு செய்யட்டும்.

அண்ணன் வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். வீடியோ கால் நல்லதுதான், ஆனால் "மாமாவுக்கு முத்தம் கொடு, ஹாய் சொல்லு" என்று கேள்வி கேட்பதாகப் போனால் பயனில்லை. நாலைந்து நிமிடம் போதும். முடிந்தால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே விளையாட்டு. மாமா அங்கே ஒரு டம்ளரைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டட்டும், இங்கே இவன் தட்டட்டும். நேரில் வந்ததும் அதே தட்டல்தான் அடையாளம். குழந்தை முகத்தை விட விளையாட்டை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். தாடியோடு, கண்ணாடியோடு, இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படியே ஒரு படம் அனுப்பச் சொல்லி, அச்செடுத்து, அவன் கண்ணுக்கு நேராக ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். தாடியை எடுக்க வேண்டியதில்லை. எடுப்பதாக இருந்தால் வருவதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். பழகிய நாலாம் நாள் மழித்துக்கொண்டு வந்து நின்றால் அவனுக்கு அது வேறு ஆள்.

ஒன்றை அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: போனில் உள்ளங்கை அளவு தெரிந்த முகம் நேரில் ஆறடி உயரமாக, கனத்த குரலோடு நிற்கும்போது குழந்தைக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். வருடக்கணக்கில் காத்திருந்து வருகிறவர் மனம் நோகும். அந்த ஏமாற்றத்தை மறைக்கத்தான் பல மாமாக்கள் "என்னடா, என்னைத் தெரியலையா?" என்று அவசரப்பட்டுத் தூக்கிவிடுகிறார்கள்.

விமான நிலையத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போக வேண்டாம். நள்ளிரவு, தூக்கக் கலக்கம், கூட்டம், கட்டிப்பிடித்து அழுகிற பெரியவர்கள். முதல் சந்திப்புக்கு இதைவிட மோசமான இடம் இல்லை. வீட்டில், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் ஆன பிறகு சந்திப்பு நடக்கட்டும்.

அந்த முதல் சந்திப்பு எப்படி இருக்க வேண்டும்? நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது: விருந்தாளி நேராக வருகிறார், குனிகிறார், கண்ணுக்குள் பார்க்கிறார், இரண்டு கையையும் நீட்டி "வாடா செல்லம்" என்கிறார். உயரம், பார்வை, வேகம், நீளும் கை எல்லாம் ஒரே நொடியில். மூன்று அடிகூட இல்லாத குழந்தையின் இடத்திலிருந்து பாருங்கள். இவை ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். அண்ணன் தரையில் உட்காரட்டும், குழந்தைக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில், ஆறேழு அடி தள்ளி. நீங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் அவர் உங்களோடுதான் பேச வேண்டும், குரலைத் தாழ்த்தி. குழந்தையை உற்றுப் பார்க்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கைகள் அவர் மடியிலேயே இருக்கட்டும்.

இந்த நேரத்தில் உங்கள் மகன் மாமாவைப் பார்ப்பான், உடனே உங்கள் முகத்தைப் பார்ப்பான். கவனித்துப் பாருங்கள், தவறாமல் நடக்கும். உங்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குப் பதில். 1985-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடிப் பலகை போட்ட மேசையில் தவழ விட்டார்கள். பாதி தூரத்தில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். அந்தப் பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அழப்போகிறானோ, அத்தை என்ன சொல்வாரோ என்று நீங்கள் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் அவன் படிப்பான். தோளைத் தளர்த்தி, அண்ணனோடு ஊர்க்கதை பேசிச் சிரியுங்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். "மாமா நல்லவர்டா, போ, போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுதான் இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு. தள்ளினால் ஒட்டிக்கொள்வான்.

பத்து நிமிடம் கழித்து அண்ணன் தனக்குத்தானே விளையாடுவதுபோல் இரண்டு, மூன்று எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுக்கட்டும். வீடியோவில் தட்டிய அதே இரண்டு தட்டு. ஒரு டம்ளரைத் தரையில் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கையில் வைத்து நீட்டினால், எடுக்க அந்தக் கைக்குக் கிட்டே போக வேண்டும். அது அவனுக்கு அதிகம். மகன் இறங்கி வருவான், தொடுவான், திரும்ப உங்களிடம் ஓடி வருவான். விடுங்கள். இப்படி ஐந்தாறு முறை போய் வருவான், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கிட்டே போவான். டம்ளரை மாமாவிடம் கொடுத்தால், வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு "மாமாகிட்ட வந்தாத்தான் தருவேன்" என்றால் ஆட்டம் முடிந்தது. முதல் நாளுக்கு இவ்வளவு போதும், தூக்க வேண்டாம். துபாயிலிருந்து வரும், விளக்கெரிந்து பாட்டுப் பாடும் பெரிய கார் பொம்மை மூன்றாம் நாள் வரை பெட்டியிலேயே இருக்கட்டும். புது ஆளும் புதுச் சத்தமும் சேர்ந்தால் மிரள்வான்.

அவன் மாமாவோடு டம்ளர் ஆட்டத்தில் மூழ்கியதும் நைசாக எழுந்து அடுப்படிக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால், மாமா இருக்கும்போது அம்மா காணாமல் போவாள் என்று மனதில் பதிந்துவிடும். "அம்மா தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று அவன் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடத்தில் திரும்பி வாருங்கள். சிணுங்கினாலும் பரவாயில்லை. சொன்னபடி வந்துவிட்டீர்கள் என்பது அவனுக்கு நினைவிருக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாள் மாமா கையால் ஒரு வாய் இட்லி, நீங்கள் பக்கத்தில் இருக்க. பந்தை உருட்டி விளையாடலாம். அவனாகக் கையைத் தூக்கினாலோ, மாமா பக்கம் சாய்ந்து கொடுத்தாலோ தூக்கலாம். அப்போதும் முகத்தோடு முகம் வைத்து அணைக்காமல், குழந்தையின் முதுகு மாமா மார்பில் படும்படி, முகம் உங்களைப் பார்த்திருக்கும்படி. பத்து எண்ணுவதற்குள் அவரே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அழுவதற்கு முன்பே. இதை அடிக்கோடிட்டு அண்ணனுக்குச் சொல்லுங்கள். அழுத பிறகு கொடுத்தால் அழுகைதான் சாவி என்று ஆகிவிடும். அழுமுன் கொடுத்தால், இந்தக் கை பிடித்து வைக்காது, விட்டுவிடும் என்று தெரியும். விட்டுவிடும் கைக்குத்தான் அவன் மறுபடி போவான்.

நாலாம் நாளிலிருந்து மடிப் பழக்கம். விழாவன்று உட்காரப் போகிறபடியே அண்ணன் பாயில் சம்மணம் போட்டு உட்காரட்டும், நீங்கள் முழங்கால் இடிக்கிற தூரத்தில். முதலில் ஒரு நிமிடம், அடுத்த நாள் மூன்று, பிறகு ஐந்து, ஏதாவது விளையாட்டோடு. ஒரு பொம்மைக்குக் காதில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி விளையாடுங்கள், பிறகு மாமா காதில், அம்மா காதில், கடைசியில் அவன் காதில். குளிக்கும்போது தலையை நனைத்துக் கொஞ்சம் குனிய வைத்துப் பிடித்துப் பழக்குங்கள். முடி இறக்கும்போது பாதி அழுகை தலையைப் பிடிப்பதால் வருவது.

காது குத்தும்போது அழுவான். அது வலிக்கான அழுகை, அதைப் பழக்கத்தால் நீக்க முடியாது. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "நறுக்குனு இருக்கும், உடனே அம்மா தூக்கிக்குவேன்" என்று சொல்லி, அதேபோல் உடனே தூக்குங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பு வேண்டுமானால் குழந்தைகள் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். அதைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூச வேண்டியிருக்கும், நீங்களாக வாங்கிப் பூசக் கூடாது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு ஊக்கத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். பாக்கி இருந்தால் அண்ணன் வரும் வாரத்தில் வைக்காமல் முன்னதாகவே போட்டுவிடுங்கள். முடி இறக்குபவரிடம் புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்குள் அவன் மாமா மடிக்குத் தயாராகவில்லை என்றால்? நீங்கள் அண்ணனை ஒட்டி உட்கார்ந்து, குழந்தை பாதி அவர் மடியிலும் பாதி உங்கள் மடியிலுமாக இருக்கட்டும். அல்லது உங்கள் மடியில் இருக்க, மாமா அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இதைப் பெரியவர்களிடம் இரண்டு நாள் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஆசாரி ஊசியோடு காத்திருக்கும்போது பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கோவிலுக்குக் கூட்டம் வருமுன் போய்விடுங்கள். பத்து பேர் இருக்கும் இடத்தில் அமர்ந்து, மற்றவர்கள் ஒவ்வொருவராக வருவதைப் பார்ப்பது அவனுக்கு எளிது. நூறு பேர் நடுவில் நுழைவது கடினம். மைக் செட் பெட்டியிலிருந்து தள்ளி உட்காருங்கள். கை மாறி கை மாறிப் போக விடாதீர்கள். பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுங்கள், "இப்பத்தான் தூங்கி எழுந்தான் பெரியம்மா, கொஞ்ச நேரத்தில் அவனே வருவான்" என்று அவர் சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. பெரியவர்களுக்குத் தொட்டு ஆசீர்வதிக்க ஆசை இருக்கும், அது நியாயமானது. அவன் உங்கள் இடுப்பில் இருக்கும்போதே திருநீறு பூசட்டும். கன்னம் கிள்ளுவதற்குப் பதில் டாட்டா, வணக்கம், கைதட்டு. முத்தம் கொடுக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை, பின்னாளில் தவறான தொடுதலை உங்களிடம் வந்து சொல்ல அவனுக்குத் தேவைப்படும்.

இன்னொன்றும் வீட்டில் உடனே நிற்க வேண்டும். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன், அழுதால் "அந்தத் தாடிக்கார மாமா பிடிச்சிட்டுப் போயிடுவார்", அடம்பிடித்தால் ஊசி போடும் டாக்டர். காலையில் புதியவர் என்றால் பிடித்துக்கொண்டு போகிறவர் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் "மாமாகிட்ட ஏன் போக மாட்டேங்குற?" என்று கேட்கிறோம். தாடிக்கு அவன் அவ்வளவு பயப்படுவதற்கு இப்படி ஏதாவது காரணம் இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரிடமும் விசாரித்துப் பாருங்கள். அவன் காதுபட "இவன் சரியான பயந்தாங்கொள்ளி" என்பதும் வேண்டாம். "பார்த்துப் பழகக் கொஞ்ச நேரம் எடுத்துக்குவான்" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

இந்த ஒரு மாதத்தில் தினமும் ஒரு சின்னப் பயிற்சி உண்டு. வாசலுக்கு வரும் பூக்காரம்மாவுக்கு, நீங்கள் தூக்கி வைத்திருக்க, பத்து ரூபாய் நோட்டை அவனே கொடுக்கட்டும். தினம் ஒருவராகப் பத்துப் புது முகங்களை விட, அதே முகம், அதே நேரம், இரண்டு நிமிடம் என்பது அவனுக்கு அதிகம் உதவும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைவது, அம்மா, அன்னியர் என்ற வேறுபாடே இல்லாமல் யாரிடமும் ஒரே மாதிரி போவது, உங்கள் தோளுக்கு வந்த பிறகும் நெடுநேரம் ஆறாமல் அழுவது. உங்கள் மகன் நிலாவைக் காட்டி உங்களையும் பார்க்கச் சொல்கிறான், உங்களிடம் ஒதுங்கி ஆறுதல் தேடுகிறான். இவை நல்ல அடையாளங்கள். மேலே சொன்னவற்றில் ஏதாவது இருக்கும் குழந்தைகளைக் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் வளர்ச்சிப் பரிசோதனை இலவசமாகவே செய்கிறார்கள்.

விழா முடிந்து அண்ணன் கிளம்பும்போது, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லாமல் போக வேண்டாம். டாட்டா சொல்லி, அவன் பார்த்திருக்க வண்டி ஏறட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதே டம்ளர் தட்டலோடு வீடியோ காலைத் தொடருங்கள். அடுத்த விடுப்புக்குள் ஒரு வருடம் ஓடியிருக்கும். மகன் மறந்து மறுபடி ஒதுங்கினால், அண்ணன் மறுபடியும் தரையில், ஆறடி தள்ளி, டம்ளரோடு தொடங்கட்டும். இரண்டாம் முறை எட்டு நாள் தேவைப்படாது.